நடு அடுக்கை எடுத்தால் என்ன மாறும்: அறிவா, அதிகாரமா, சல்லடையா?

கேள்வி: ஓரடுக்கு

நிறுவனக் கோட்பாட்டுக் கட்டுரைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ‘மேலாளர்’ என்ற சொல் ஒவ்வொன்றிலும் வேறு வேலை செய்கிறது. சந்தை இருக்கும்போது நிறுவனம் எதற்கு என்று 1937இல் கோஸ் கேட்டார். தேவையான அறிவு ஓரிடத்தில் குவிந்திருக்காது, களத்தில் சிதறித்தான் கிடக்கும் என்று 1945இல் ஹாயெக் எழுதினார். அதுவரை குழப்பமில்லை. காரிகானோவின் 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில் மேலாளர் என்பவர் கீழே தீராத சிக்கலைத் தீர்த்துக் கொடுப்பவர். அகியோன், திரோல் இருவரின் 1997 கட்டுரையில் அதே ஆள் கீழிருப்பவரின் முடிவை மாற்றக்கூடியவர். சா, ஸ்டிக்லிட்ஸ் எழுதிய 1986 கட்டுரையிலோ அவர் வெறும் சல்லடை: திட்டம் வரும், ஆம் அல்லது இல்லை என்பார்.

மூன்று அடுக்கு உள்ள ஒரு நிறுவனம் நடு அடுக்கை எடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்றும் ஒரே பதிலைச் சொல்லுமா? ‘அடுக்கு குறைந்தால் புதுமை பெருகும்’ என்பது இவற்றில் எதிலிருந்து வருகிறது? முடிந்தால் எண்களோடு சொல்லுங்கள். உண்மையான நிறுவனத் தரவில் இவற்றைப் பிரித்துப் பார்க்க வழி உண்டா என்பதும் தெரிய வேண்டும்.

மறுமொழி 1: வீச்சுக்கணக்கு

காரிகானோவை மட்டும் எண்ணில் போடுகிறேன். மற்ற இரண்டையும் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு காலகட்டத்தில் ஒரு சிக்கல் வருகிறது. தீர்ந்தால் விளைச்சல் 1, தீராவிட்டால் 0. அடிக்கடி வருவதை முதலில் கற்பதுதான் லாபம். ஆகவே கற்கக் கற்க மிஞ்சுவதெல்லாம் அரிதானவை. தீராத பங்கைப் பாதியாக்க ஒவ்வொரு தடவையும் சுமார் 0.07 அலகு செலவாகும் என்று வையுங்கள். 50 சதவீதத்திலிருந்து 75க்குப் போக 0.07, அங்கிருந்து 87.5க்குப் போக இன்னொரு 0.07. மேலே போகும் ஒவ்வொரு கேள்வியும், விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மேலாளரின் நேரத்தில் 0.2 பங்கைத் தின்னும். மேலாளர் தானாக எதையும் விளைவிப்பதில்லை.

படிநிலையே இல்லாமல் ஒவ்வொருவரும் தனித்து வேலை செய்தால், 90 சதவீதச் சிக்கல்களைக் கற்பதோடு நிறுத்துவது உத்தமம். கற்கும் செலவு 0.23, கையில் நிற்பது 0.67.

இப்போது 99 சதவீதம் தெரிந்த ஒரு மேலாளரை மேலே வையுங்கள். அவருடைய நேரம் 1தான். ஆகவே ஆட்கள் × தீராத பங்கு × 0.2 என்ற பெருக்கல் 1ஐத் தாண்டக் கூடாது. ஊழியர்கள் 75 சதவீதம் கற்றிருந்தால் ஒரு மேலாளருக்கு 20 பேர். 90 சதவீதம் என்றால் 50 பேர். ஆட்களைக் கூட்டுவது நல்லதுபோலத் தெரியும். ஆனால் அந்த ஆட்கள் எல்லோரையும் படிக்கவைக்கிற செலவும் கூடவே வருகிறது. எல்லாவற்றையும் கழித்து, மேலாளரையும் தலைக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால், ஊழியர் 60 சதவீதம் கற்று, ஒரு மேலாளருக்கு 12.6 பேர் என்பதுதான் உச்சம். தலைக்கு 0.80. தனியாள் கணக்கின் 0.67ஐ விட நன்றாகவே கூடுதல்.

அடுத்துதான் சுவையான இடம். கேட்கும் செலவை மட்டும் பாதியாக்குங்கள், 0.2 என்பது 0.1 ஆகட்டும். புதிய உச்சத்தில் ஊழியர் கற்பது வெறும் 24 சதவீதம், வீச்சு (ஒரு மேலாளருக்குக் கீழே உள்ள ஆட்கள்) 13.2, தலைக்கு 0.86. அதை விட்டுவிட்டுக் கற்கும் செலவை மட்டும் பாதியாக்கினால் ஊழியர் கற்பது 77 சதவீதம், வீச்சு சுமார் 22, தலைக்கு 0.87. ஆதாயம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் முதல் நிறுவனத்தில் எல்லாம் மேலே போகிறது, இரண்டாவதில் கீழேயே முடிகிறது. முதல் மாற்றத்தில் வீச்சு 12.6இலிருந்து 13.2க்குத்தான் நகர்ந்தது என்பதையும் பாருங்கள். அமைப்பு வரைபடத்தில் எதுவும் தெரியாது. கீழே இருந்த அறிவு மட்டும் பாதிக்கு மேல் கரைந்திருக்கும்.

‘தொழில்நுட்பம் அதிகாரத்தைப் பரவலாக்கும்’ என்ற பொதுப்பேச்சு எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். எந்தத் தொழில்நுட்பம்? புளூம், காரிகானோ, சாடுன், வான் ரீனன் நால்வரும் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களை வைத்து 2014இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சோதித்தது. நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள் போல, தகவலைக் கையில் கொண்டுவந்து தருபவை ஆலை மேலாளரின் தன்னாட்சியோடு சேர்ந்து வந்தன. உள்வலையமைப்பு போல, பேசுவதை மலிவாக்குபவை தன்னாட்சிக் குறைவோடு சேர்ந்து வந்தன.

நடைமுறையில் இந்தக் கணக்கு தவறுகிற இடம் ஒன்று உண்டு. மேலாளரின் நேரம் முழுக்க நிரம்பியிருப்பதாக மாதிரி எடுத்துக்கொள்கிறது. கேள்விகள் ஒழுங்கில்லாமல் வருகிற இடத்தில் அப்படி நிரப்பினால் வரிசை நீண்டுகொண்டே போகும். எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, மேலாளர் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு கேள்விக்கான நேரத்தைப்போல 4 மடங்கு, 90 சதவீதத்தில் 9 மடங்கு, 95இல் 19 மடங்கு. ஆகவே 12.6 என்று கணக்கு சொன்னால் 10 பேரோடு நிறுத்துங்கள்.

மறுமொழி 2: பிற்சேர்க்கை

மேலே உள்ளதற்கு ஒரு சின்னத் திருத்தம். 99 சதவீதம் தெரிந்த மேலாளர், ஊழியருக்குத் தெரிந்த 60ஐயும் கற்றிருப்பதாகக் கணக்கில் வருகிறது. 2000ஆம் ஆண்டுக் கட்டுரையின் தர்க்கப்படி அது தேவையே இல்லை. மேலாளர் விதிவிலக்குகளை மட்டும் கற்றால் போதும். அப்படிப் போட்டால் மேலாளரின் படிப்புச் செலவு குறையும், ஆனால் ஒருவருக்கு 13 பேர் என்ற அளவில் அந்த மிச்சம் தலைக்கு 0.01கூட வராது. முடிவு மாறாது.

மறுமொழி 3: கையெழுத்து

அதிகாரப் பக்கம் என்னுடையது. காரிகானோ மாதிரியில் எல்லோருக்கும் ஒரே குறிக்கோள்தான். ஊழியர் தனக்குப் பிடித்த திட்டத்தைத் தள்ளுவார் என்ற ஐயம் அங்கே கிடையாது. அகியோன், திரோல் தொடங்குவதே அந்த ஐயத்திலிருந்து.

அவர்கள் பிரிப்பது இரண்டு: முறைசார் அதிகாரம், அதாவது கையெழுத்து யாருடையது என்பது, நடைமுறை அதிகாரம், அதாவது உண்மையில் முடிவு யார் சொன்னபடி நடக்கிறது என்பது. விவரம் தெரியாத மேலதிகாரி கீழிருப்பவர் சொன்னதற்குக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து அவருடையது, முடிவு அவருடையது இல்லை.

எண்கள். மேலதிகாரி தானே தேடி நல்ல திட்டத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 0.6. அதனால் அவருக்குக் கிடைப்பது 1. கீழிருப்பவர் விரும்பும் திட்டம் நடந்தால் மேலதிகாரிக்குக் கிடைக்கும் பங்கை ‘ஒத்திசைவு’ என்போம். எதிர்ப்பக்கம், மேலதிகாரியின் திட்டம் நடந்தால் கீழிருப்பவருக்குக் கிடைப்பது 0.5, தன்னுடையதே நடந்தால் 1. அவருடைய உழைப்பின் செலவு, உழைப்பின் வர்க்கத்தில் பாதி. அதாவது கையில் கிடைக்கப்போகும் கூடுதல் எவ்வளவோ அவ்வளவே உழைப்பார்.

கையெழுத்து மேலே இருந்தால், மேலதிகாரிக்கு விவரம் தெரியாத 0.4 பங்கு நேரத்தில்தான் கீழிருப்பவரின் தேடல் பயன்படும். ஆகவே அவர் 0.4 அளவே முயல்வார். கையெழுத்தைக் கீழே கொடுத்துவிட்டால் அது 0.7 ஆகிறது. ஒத்திசைவு 0.9 என்றால், கொடுக்காதபோது மேலதிகாரிக்கு 0.744, கொடுத்தால் 0.81. ஒத்திசைவு 0.5 என்றால் கொடுக்காதபோது 0.68, கொடுத்தால் 0.53. இந்த எண்களில் திருப்பம் நிகழ்வது 0.78க்குப் பக்கத்தில். அதற்குக் கீழே அதிகாரத்தைப் பகிர்ந்தால் முயற்சி கூடுவது உண்மைதான், ஆனால் தவறான திசையில் கூடும்.

நடு அடுக்கை எடுப்பதற்கு இங்கே என்ன பொருள் என்றால், உச்சியில் இருப்பவருக்கு நேரடியாகப் பதில் சொல்பவர்கள் பெருகுகிறார்கள். ஒவ்வொருவர் விஷயத்திலும் அவர் தேடிப் பார்க்கும் வாய்ப்பு 0.6இலிருந்து 0.2க்கு விழட்டும். கையெழுத்து இன்னும் அவரிடமேதான். கீழிருப்பவரின் முயற்சி இப்போது 0.8. ஒத்திசைவு 0.9 இருக்கும் இடத்தில் உச்சியில் இருப்பவருக்கு 0.776, முன்பைவிட (0.744) அதிகம்! எதையும் எழுதிக் கொடுக்காமலேயே, வேலைப்பளு அதிகாரத்தை இறக்கி வைத்துவிட்டது. ‘அடுக்கு குறைந்தால் புதுமை பெருகும்’ என்பதன் கண்ணியமான வடிவம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒத்திசைவு 0.5 இருக்கும் இடத்தில் அதே மாற்றம் அவரை 0.68இலிருந்து 0.52க்குத் தள்ளும்.

முறைப்படி எழுதிக் கொடுப்பதும் நம்பகமானதில்லை. பேக்கர், கிப்பன்ஸ், மர்பி 1999இல் காட்டியது இது: நிறுவனத்துக்குள் முடிவெடுக்கும் உரிமை இரவலாகத்தான் கீழே போகிறது. தனி நிறுவனமாகப் பிரித்து உடைமையையே கொடுத்தாலொழிய, மேலே இருப்பவர் எந்நேரமும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தனக்கு நட்டம் என்று தெரிந்த ஒரு திட்டத்தை அவர் மறிக்காமல் விட்டால்தான் அந்த இரவல் நம்பப்படும். ஒரே ஒரு முறை மறித்தாலும் கீழே தேடல் பழைய 0.4க்குத் திரும்பிவிடும்.

கேட்டவர்: ஓரடுக்கு

இதுவரை தெளிவு. ஒரு கேள்வி: அதிகாரத்தைக் கொடுக்காமல், கீழிருப்பவரிடம் விவரத்தை மட்டும் கேட்டு வாங்கி மேலேயே முடிவெடுத்தால் என்ன? ‘கருத்துக் கேட்போம், முடிவு எங்களுடையது’ என்பதுதானே பெரும்பாலான இடங்களில் நடப்பது?

மறுமொழி 4: கையெழுத்து

அதற்கு டெசெய்ன் 2002இல் நேரடியாகப் பதில் எழுதியிருக்கிறார், கிராஃபோர்ட், சோபெல் 1982 மாதிரியின் மேல். கள நிலவரம் 0க்கும் 1க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கீழிருப்பவருக்குத் தெரியும், மேலே தெரியாது. கீழிருப்பவர் எப்போதும் 0.1 கூடுதலாக விரும்புகிறார். முடிவை அவரிடமே விட்டால் நட்டம் 0.1இன் வர்க்கம், 0.01. கேட்டு முடிவெடுத்தால்? அவர் மிகைப்படுத்துவார் என்று மேலே தெரியும், தெரியும் என்று அவருக்கும் தெரியும். கடைசியில் ‘குறைவு’, ‘அதிகம்’ என்ற இரண்டே சொற்களுக்குத்தான் பொருள் மிஞ்சும். நட்டம் 0.031, மும்மடங்கு.

இந்தக் கூடுதல் விருப்பத்தைச் ‘சாய்வு’ என்போம். அது 0.25ஐ எட்டினால் பேச்சுக்குப் பொருளே இருக்காது. சாய்வு சுமார் 0.29ஐத் தாண்டினால்தான் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பது மேல். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: இந்த மாதிரியில், பேச்சுக்குக் கொஞ்சமாவது பொருள் இருக்கிற எல்லா நிலையிலும், பேசுவதைவிட முடிவை ஒப்படைப்பதே மேல். வேறு பரவல்களில் இவ்வளவு சுத்தமாக வராது, ஆனாலும் கருத்துக் கேட்புக் கூட்டங்களை நடத்துபவர்கள் ஒரு முறை பார்க்க வேண்டிய முடிவு.

மறுமொழி 5: சல்லடை

புதுமைப் பக்கத்துக்கு வருகிறேன். சா, ஸ்டிக்லிட்ஸ் மாதிரி எளிமையானது, அதனாலேயே பயனுள்ளது. ஒரு மதிப்பீட்டாளர் நல்ல திட்டத்தை 0.8 வாய்ப்பில் ஏற்பார், மோசமானதை 0.3 வாய்ப்பில் ஏற்பார். 100 திட்டங்கள் வருகின்றன, 20 நல்லவை.

இரண்டு பேரும் ஏற்றால்தான் நடக்கும் என்பது படிநிலை: 12.8 நல்லவை, 7.2 மோசமானவை தேறும். இருவரில் யார் ஏற்றாலும் நடக்கும் என்பது பன்மை அமைப்பு: 19.2 நல்லவை, 40.8 மோசமானவை. ஒருவரே முடிவெடுத்தால் 16, 24. படிநிலையிலிருந்து பன்மைக்கு மாறினால் 6.4 நல்லவை கூடும், 33.6 மோசமானவை கூடும். ஒரு நல்ல திட்டத்தின் ஆதாயம் ஒரு மோசமான திட்டத்தின் நட்டத்தைப்போல 5.25 மடங்குக்கு மேல் இருந்தால்தான் பன்மை லாபம்.

ஆகவே அடுக்கை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது, தோற்கும் சோதனையின் செலவைக் குறைப்பது. சிறிய முன்னோட்டத்தோடு நிறுத்தக்கூடிய திட்டங்களுக்குப் பன்மை. நிறுத்த முடியாதவற்றுக்கு, அதாவது ஆலை கட்டுவது, திரும்பப் பெற முடியாத வாக்குறுதி தருவது போன்றவற்றுக்கு, இரண்டு கையெழுத்து. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இரண்டும் இருக்கலாம், இருக்க வேண்டும்.

எங்கே கெடும் என்றால், இந்தப் பெருக்கல் எல்லாம் இரண்டு மதிப்பீடுகளும் ஒன்றையொன்று சாராதவை என்ற அடிப்படையில் நிற்கிறது. முதலாமவரின் குறிப்பைப் படித்துவிட்டு இரண்டாமவர் கையெழுத்திட்டால் 0.3 × 0.3 = 0.09 கிடைக்காது, 0.3ஐ ஒட்டியே நிற்கும். தாமதத்தின் விலையையும் கொடுத்து, வடிகட்டலும் கிடைக்காமல் போகும். இரண்டாமவருக்கு முதல் குறிப்பைக் காட்டாமல் கோப்பை அனுப்பினாலே பாதி சரியாகும்.

ஆனால் இதற்குள் அடங்காத ஒரு விஷயம் இருக்கிறது, என் பார்வையில் அதுதான் பெரியது. மதிப்பீட்டாளரின் 0.8 எங்கிருந்து வருகிறது? ஹெண்டர்சன், கிளார்க் 1990இல் சிலிக்கான் தகட்டில் ஒளியால் சுற்று வரையும் சீரமைப்புக் கருவிகளின் துறையை ஆராய்ந்தார்கள். தலைமுறை மாறும்போதெல்லாம் முன்னணி நிறுவனம் பின்தங்கியது, பாகங்களின் தொழில்நுட்பம் பெரிதாக மாறாதபோதும்.

காஸ்பர் என்ற நிறுவனம் தொடுகைமுறைக் கருவியில் முன்னணி. அதில் முகமூடிக்கும் (சுற்றின் வரைவு உள்ள அச்சு) தகட்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டியது சீரமைக்கும்போது மட்டும். ஒளி பாய்ச்சும்போது இரண்டும் ஒட்டிவிடும். அடுத்து வந்த அண்மைமுறையில் ஒளி பாய்ச்சும்போதும் அந்த இடைவெளி துல்லியமாக நிற்க வேண்டும். பாகங்கள் கிட்டத்தட்ட அவையே. ஆனால் இடைவெளி அமைக்கும் பொறிமுறையின் துல்லியம் இப்போது கருவி முழுவதையும் ஆட்டிவைக்கிறது. காஸ்பரின் பொறியாளர்கள் கேனான் நிறுவனத்தின் கருவியைப் பரிசீலித்துவிட்டு, இது நம்முடையதன் நகல்தான் என்றார்கள். அந்தப் பொறிமுறையைக் கேனான் புதிதாக வடிவமைத்திருந்தது அவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை. வாங்கியவர்கள் குறை சொன்னபோதும் அது வாங்கியவர்களின் செய்முறைப் பிழை என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

அறிவுக் குறைவால் வந்த தவறு இல்லை இது. எந்தக் குழு எந்தக் குழுவோடு பேசும், எதைக் கேட்கும், எதைக் கேட்காமல் விடும் என்பது பழைய கருவியின் அமைப்பை அச்செடுத்து உருவானது. அந்தப் பேச்சு வழிகளே சல்லடையாகிவிட்டன. இங்கே அடுக்கை எடுத்தாலும் சேர்த்தாலும் பயனில்லை. இடைவெளிப் பொறிமுறைக்காரரும் ஒளியியல்காரரும் நேரடியாகப் பேசாத வரை, எத்தனை மதிப்பீட்டாளரை வைத்தாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் கண்ணை மூடுவார்கள்.

ஊதியத்தைப் பற்றி ஒரு வரி: மான்சோ 2011இல் காட்டியபடி, புதிய வழியைத் தேடவைக்கும் ஒப்பந்தம் தொடக்கத் தோல்வியைப் பொறுக்கும், நீண்டகால வெற்றிக்கு மட்டும் தாராளமாகக் கொடுக்கும். நடு அடுக்கை எடுத்துவிட்டு மாதாந்திர விளைச்சல் ஊக்கத்தொகையை அப்படியே வைத்திருந்தால், கிடைத்த சுதந்திரத்தை எல்லோரும் பழைய வழியை இன்னும் வேகமாகச் செய்யத்தான் பயன்படுத்துவார்கள்.

மறுமொழி 6: வீச்சுக்கணக்கு

தரவில் பிரிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு நான்கு வாரம், மேலே போகும் ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் குறித்தால் போதும்: என்ன கேட்டார்கள், மேலே எத்தனை நிமிடம் செலவானது, பதில் எத்தனை மணி நேரத்தில் வந்தது, கேட்டவர் முன்மொழிந்ததும் கடைசியில் நடந்ததும் ஒன்றா.

முன்மொழிவே இல்லாமல் ‘என்ன செய்ய?’ என்று வருபவை அறிவுக் கேள்விகள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அதைக் கீழே கற்பிப்பது மலிவு. முன்மொழிவோடு வந்து, சில நிமிடங்களில், மாற்றமில்லாமல் திரும்புபவை வெறும் கையெழுத்து. நிமிடம் குறைவு, காத்திருப்பு மணி அதிகம் என்பது அதன் அடையாளம். முன்மொழிவோடு வந்து மறுக்கப்படுபவை சல்லடை.

எச்சரிக்கை: மறுப்பு 2 சதவீதம்தான், ஆகவே இந்த அடுக்கு வீண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தேறாது என்று தெரிந்ததை யாரும் அனுப்புவதே இல்லை என்றாலும் அதே 2 சதவீதம்தான் வரும். அதைப் பிரிக்க ஒரே வழி, நட்டம் சிறியதாக உள்ள ஒரு வகையை, ஒரு குறிப்பிட்ட தொகை வரை, சில குழுக்களுக்கு மட்டும் கையெழுத்தில்லாமல் திறந்துவிட்டு, முன்மொழிவுகளின் எண்ணிக்கையும் வகையும் மாறுகின்றனவா என்று பார்ப்பது. எண்ணிக்கை அப்படியே இருந்தால் அந்த அடுக்கு உண்மையிலேயே முத்திரை குத்திக்கொண்டுதான் இருந்தது. சட்டென்று கூடினால், இத்தனை நாள் அது எதையோ தடுத்து வந்திருக்கிறது. கூடியவற்றில் நல்லவை எத்தனை என்று எண்ணி, மேலே சொன்ன 5.25 போன்ற ஒரு விகிதத்தோடு ஒப்பிடலாம்.

கேட்டவர்: ஓரடுக்கு

அந்த நான்கு விவரங்களில் ‘முன்மொழிந்தது’ பெரும்பாலும் எழுத்தில் இருக்காதே? வாய்வார்த்தையாகப் பேசி, மேலாளர் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டுதான் எழுதுவார்கள்.

மறுமொழி 7: சல்லடை

ஆமாம், அதனால்தான் குறிப்பை மேலாளரிடம் பேசுவதற்கு முன்பே கேட்டவர் எழுத வேண்டும், நேரமுத்திரையோடு. பேசியபின் எழுதினால் எல்லா முன்மொழிவும் ஏற்கப்பட்டதாகவே பதிவாகும், மறுப்பு விகிதம் சுழியம் வரும். இரண்டு வரி போதும். நீளமான படிவம் வைத்தால் நிரப்பமாட்டார்கள்.